எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

(குடியரசு தினத்தன்று, கொடியேற்றத்துக்குப் பிறகு நம் வளாகத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, கேசரி வாசனை மூக்கில் ஏறும் நேரத்தில் மைக்கைப் பிடிப்பவனை யாருக்கும் பிடிக்காது. செயலாளர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். வங்கியில் கிளார்க்காகவே சேர்ந்து கிளார்க்காகவே ரிட்டையர் ஆனவன் நான். கொடுத்த கணக்கை மீற மாட்டேன்.

ஒரு கேள்வி கேட்கிறேன். இன்று ராத்திரி உங்கள் மாடியில் எத்தனை பேர் தூங்கப் போகிறார்கள்? எத்தனை ஃபிளாட் என்று கேட்கவில்லை, ஆட்கள் எத்தனை? அவர்களில் தானாகப் படி இறங்க முடியாதவர் யார்? மனதுக்குள் பதில் சொல்லிப் பாருங்கள். 2023 டிசம்பரில் என்னால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்த மாதம் உங்களுக்கும் மறந்திருக்காது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, எண்ணூர் கழிமுகம் எங்கும் படர்ந்தது. வலையும் படகும் கறுப்பாயின. மூன்று வாரம் கழித்து டிசம்பர் 26 வந்தது. சுனாமி நினைவு நாள் என்பதால், கடலோரமெங்கும் பால் ஊற்றிப் பூப்போட்டு அஞ்சலி செலுத்திய நாள். அன்று நள்ளிரவு நெருங்கும் நேரத்தில்தான் எண்ணூரில் அமோனியா கசிந்தது.

கப்பலில் வரும் அமோனியாவை உரத் தொழிற்சாலைக்குக் கொண்டுவர, கடலுக்கு அடியில் குழாய் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழாயில் கரைக்குப் பக்கத்தில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம், எர்ணாவூர் மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆலை வாசலருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறகு சொன்னது. 24 மணி நேரச் சராசரிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 400. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இதெல்லாம் பேப்பரில் வந்தது.

பேப்பரில் வராத ஒன்றைச் சொல்கிறேன்.

அன்று ராத்திரி என் மனைவிதான் முதலில் எழுந்தாள். "என்னங்க, பாத்ரூம் நாத்தம் மாதிரி குப்புனு வருது" என்றாள். ஐந்து நிமிஷத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. பர்ஸ், மாத்திரை டப்பா, செல்போன் எடுத்துக்கொண்டோம். கீழே ஒருவர் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு "சார், சீக்கிரம் வாங்க" என்று கத்தினார். கதவைப் பூட்டினேன். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன், அது வங்கிப் பழக்கம். எதிர்வீட்டுக் கதவைத் தாண்டித்தான் படிக்குப் போனேன்.

திருவொற்றியூரில் மச்சான் வீட்டில் தங்கிவிட்டு விடியற்காலை திரும்பினோம். எதிர்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே எழுபத்தாறு வயது அம்மா தனியாக இருக்கிறார். மகன் பெங்களூரில். மணி அடித்தேன். கதவைத் திறந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. காலில் செருப்பு, தோளில் கைப்பை.

"யாராவது கூப்பிடுவீங்கன்னு ராத்திரியே செருப்பப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன் சார். முட்டிவலி, தனியா இறங்க பயமா இருந்துச்சு" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான்கு வருஷம் எதிரெதிர் வீடு. மெயின்டனன்ஸ் பாக்கி யாருக்கு எவ்வளவு என்று பைசா சுத்தமாக எனக்குத் தெரியும், நான்தான் அப்போது பொருளாளர். அவர் போன் நம்பர் என்னிடம் இல்லை.

சில நாள் கழித்து, நம் கேட்டுக்கு மீன் கொண்டுவரும் சின்னகுப்பத்து அம்மாவிடம் அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். அபாயச் சங்கு ஏதாவது ஊதினார்களா என்றேன். "சங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். எங்க புள்ளைங்கதான் கதவக் கதவத் தட்டிக்கிட்டு ஓடுச்சுங்க" என்றார். எல்லா வீட்டையும் தட்டினார்களா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எந்தக் கதவுக்குப் பின்னால கெழவி படுத்திருக்கு, எந்த வூட்ல பச்சப் புள்ள இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதா சார்?"

அவர்களுக்குத் தெரிகிறது. நமக்குத் தெரியவில்லை. நமக்கு செக்யூரிட்டி உண்டு, சிசிடிவி உண்டு, இரண்டு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அன்று ராத்திரி குரூப்பில் 140 மெசேஜ் வந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட "அந்த அம்மா இறங்கிவிட்டாரா?" என்று கேட்கவில்லை.

வங்கியில் சாயந்திரம் கேஷ் டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பத்து ரூபாய் இடித்தாலும் உட்கார்ந்து தேட வேண்டும். ரூபாய்க்கு அவ்வளவு பார்த்த நான், ஆள் கணக்கை டேலி பண்ணாமல் காரில் ஏறிப் போனேன். அந்த வித்தியாசம் இன்னும் என் புத்தகத்தில் நிற்கிறது.

அதனால் எங்கள் பி பிளாக் இரண்டாவது மாடியில் ஒரு ஏற்பாடு செய்து, ஒரு வருஷமாக நடத்திப் பார்த்துவிட்டோம். எல்லா மாடியிலும் வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முதல் வேலை, மாடிக்கு ஒரு பக்கம். யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு இறங்க உதவி வேண்டும், கைக்குழந்தை எங்கே, ஆஸ்துமா யாருக்கு, வெளியூரில் யாருக்குப் போன் செய்ய வேண்டும். வாடகைக்கு இருப்பவர், பேச்சிலர் பையன்கள், வீட்டோடு தங்கி வேலை செய்பவர் எல்லோரும் அதில் உண்டு. வாட்ச்மேன் குடும்பத்துக்கும் ஒரு வரி.

இரண்டாவது, அந்தப் பக்கம் இரண்டு பேர் கையில் இருக்கட்டும். வங்கியில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் பொறுப்பு. இங்கே அது வேறு காரணத்துக்கு: ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் இருக்க வேண்டும். பேப்பரில் மட்டும் எழுதுங்கள், குரூப்பில் போடாதீர்கள். இன்னொருவர் நோயும் தனிமையும் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, ஆபத்தென்றால் பெல்லை நம்ப வேண்டாம், கரன்ட் போயிருக்கும். கையால் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கீழே இறங்கியதும் மாடிவாரியாக எண்ணுங்கள். கணக்கு இடித்தால் போலீஸிடமோ தீயணைப்புப் படையிடமோ "இத்தனையாவது வீட்டில் ஒருவர் இருக்கிறார்" என்று சொல்லத் தெரிய வேண்டும்.

எங்கள் மாடியில் எட்டு ஃபிளாட், இருபத்தேழு பேர். எழுதும்போதுதான் பல விஷயம் தெரிந்தது. ஹார்பரில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் பகலில் அடித்துப்போட்டது போல் தூங்குவார், அவர் கதவை ஓங்கித் தட்ட வேண்டும். கோடி ஃபிளாட்டில் மூன்று பையன்கள், பாட்டுச் சத்தம் அதிகம் என்று நானே புகார் கொடுத்தவர்கள். எதிர்வீட்டு அம்மாவை நாற்காலியோடு தூக்கி இறக்க முடியுமா என்று கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரை உட்கார வைத்தே இறக்கிக் காட்டினார்கள். போன ஐப்பசி மழையில் கரன்ட் போன ராத்திரி, ஒரு குழந்தைக்கு நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. யார் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அமோனியாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அது தண்ணீரில் சட்டென்று கரையும் வாயு. அதனால் ஈரத்துணியை மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொண்டால் பலன் உண்டு. ஜன்னலைச் சாத்தி, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்துங்கள். கதவிடுக்கில் ஈரத் துண்டைப் போடுங்கள். வெளியேற வேண்டியிருந்தால் நெடி வரும் திசைக்குள் போகாதீர்கள். காற்றுக்குக் குறுக்காக விலகிப் போங்கள். கண் எரிந்தால் கசக்காமல் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க, மொட்டை மாடிக் கம்பத்தில் ஒரு துணிப்பட்டை கட்டியிருக்கிறோம். செலவு முப்பது ரூபாய். ஆனால் எல்லா வாயுவுக்கும் இதே வைத்தியம் என்று நினைக்காதீர்கள். குளோரின் போன்றவை காற்றைவிடக் கனமானவை, தாழ்ந்த இடத்தில் தேங்கும்.

"ஆலைக்காரர்களும் அரசாங்கமும் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் கதவு தட்டுவதால் அவர்கள் பொறுப்பு ஒரு பைசா குறையாது. போபாலுக்குப் பிறகு 1989-இல் அபாயகரமான ரசாயனங்களுக்கென்று மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. பெரிய விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளி ஜனங்களுக்கு என்ன ஆபத்து, என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று முன்கூட்டியே தெரிவிப்பது ஆலையின் கடமை என்று அதில் இருக்கிறது. 1996 விதிகளின்படி மாவட்ட அளவிலும் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழுக்கள் இருக்க வேண்டும். நம் வளாகத்துக்கு அப்படி ஒரு தாள் வந்து நான் பார்த்ததில்லை. அதைக் கேட்டு, சங்கத்தின் லெட்டர்பேடில் கலெக்டருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கேசரி மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். குப்பத்து மக்கள் ஆலை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டார்கள். நாம் ஒரு கையெழுத்தாவது போடலாம்.

மெட்ரோ வந்த பிறகு விம்கோ நகர் வரைக்கும் புதுப்புது அடுக்குமாடிகள். தினமும் யாரோ குடிவருகிறார்கள். குழாய்களும் தொட்டிகளும் நம் பக்கத்தில்தான் இருக்கப்போகின்றன. சங்கு ஊதினால் நல்லது. ஊதாவிட்டாலும் நம் கதவை ஒருவர் தட்டுவார் என்று தெரிந்தால், தூக்கம் கொஞ்சம் நன்றாக வரும்.

கடைசியாக ஒன்று. எங்கள் மாடிப் பக்கம் இருக்கும் இரண்டு பேரில் ஒருவன் நான். இன்னொருவர் அந்த எதிர்வீட்டு அம்மா. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "எனக்குத்தான் ராத்திரியில தூக்கமே வராதே சார், மொதல்ல நாத்தம் தெரியறது எனக்குத்தான். நான் போன் அடிக்கிறேன், நீங்க ஓடித் தட்டுங்க" என்றார். என் நம்பர் இப்போது அவர் போனில் முதல் நம்பர்.

கேசரி ஆறுகிறது. தட்டை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் பெயரும் ஃபிளாட் நம்பரும் கேளுங்கள். அங்கிருந்தே உங்கள் மாடியின் பக்கத்தை எழுத ஆரம்பித்துவிடலாம்.