குளிரில் ஒரு மண் கிண்ணம்

2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். அமெரிக்காவின் மிச்சிகனில் வசந்தம் பிறந்தும் குளிர் விடவில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு ஜன்னல் வழியே துணையாக இருந்தது ராபின். 1931 முதல் அந்த மாநிலத்தின் பறவை அதுதான். செங்கல் நிற மார்பு.

கூடு கட்டுவது பெரும்பாலும் பெண் பறவை. ஈர மண்ணை அலகில் அள்ளிவந்து அப்பும். பிறகு உள்ளே உட்கார்ந்து, மார்பை அழுத்திச் சுற்றிச் சுற்றிக் கிண்ணமாக வனையும். நம் ஊரில் சக்கரம் சுழலும்; அங்கே குயவரே சுழல்கிறார்! உள்ளே மெல்லிய புல் மெத்தை. நாளுக்கு ஒன்றாக மூன்று, நான்கு நீல முட்டைகள்.

பனி தூறினாலும் தாய் அசையாது. அதன் வயிற்றில் இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையில் படும். உடல்சூடு நேராக இறங்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில், கண் திறக்காத குஞ்சுகள் வாயைப் பிளந்து கழுத்தை நீட்டும்.