கதையில் இல்லாத குரல்



கதையொன்று பாடலாகும்போது யாருடைய குரலில் பாடுகிறது? எட்கர் ஆலன் போ 1843-இல் வெளியிட்ட 'டெல்-டேல் ஹார்ட்' சிறுகதையில், கொல்லப்பட்ட முதியவரின் இதயத் துடிப்பு கொன்றவன் செவியில் ஓயாது ஒலிக்கிறது. 1976-இல் ஆலன் பார்சன்ஸ் ப்ராஜெக்ட் என்னும் இங்கிலாந்து ராக் இசைக்குழு அதைப் பாடலாக்கியது. அங்கும் பேசுபவன் அக்கொலைகாரனே.

நம்மிடம் நிகழ்ந்தது வேறு. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' குறுநாவலைத் தழுவி, மகேந்திரன் 1979-இல் 'உதிரிப்பூக்கள்' படத்தை எடுத்தார். மூலக்கதையில் குழந்தைகளைப் பெற்றவள் முன்னரே இறந்துபோனவள். மகேந்திரன் அவளை உயிரோடு காட்டினார். கண்ணதாசன் சொல்லும் இளையராஜா இசையும் எஸ். ஜானகி குரலும் அவளுக்கு வாய்த்தன. 'அழகிய கண்ணே' பிறந்தது.

இளமையிலேயே தாயை இழந்தவள் நான். 'சிற்றன்னை'யை வகுப்பில் நடத்தியபோதெல்லாம் அவ்வீட்டின் வெறுமையை மாணவியர்க்கு விளக்கியிருக்கிறேன். அவ்வெறுமைக்கும் ஒரு முகம் இருந்தது என்பதைப் பாடலே எனக்கு உணர்த்தியது. ஆய்வேடு எழுதிய எனக்கு அது தோன்றாமற் போனதில் சற்று நாணமும் உண்டு.

ஆதலின், கதைகளைக் கவிதையாக்க விழையும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதை சொன்னதையே சந்தத்தில் திரும்பச் சொல்லாதீர்கள். அதில் பேச வாய்ப்பின்றிப் போனவர் யாரெனத் தேடுங்கள். காவிரிக் கரையில், இந்த ஜீயபுரத்தில் பத்தாண்டுகள் கூடிக் கவிதை கேட்ட நம் வட்டம், இனி அக்குரல்களுக்கும் செவி கொடுக்கட்டும்.