சிசுவின் கழுத்துக் கட்டி

(அச்சரப்பாக்கத்தில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட ஈசன் தேரின் அச்சு இற்ற தலமாதலின் இவ்வூர் அச்சிறுபாக்கமாயிற்று என்பது நீங்கள் அறிந்த வரலாறு. தேருக்கு அச்சு எவ்வாறோ, சிரத்திற்குக் கழுத்து அவ்வாறே. ஆகையால், பிறந்து இரண்டு மூன்று வாரமே ஆன சிசுவின் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்படுமாயின் வீடே கலங்குகிறது. கிரகணத்தில் வெளியே போனாள், பிள்ளையைத் தூக்கத் தெரியாதவள் என்று பழியெல்லாம் பெற்றவள்மீது விழுகிறது. அப்பழி நியாயமன்று என்று சொல்லவே வந்தேன்.

காதின் பின்புறமிருந்து மார்பெலும்புக்கும் காறையெலும்புக்கும் இறங்கும் தசையொன்று கழுத்தின் இருபுறமும் உண்டு. அதில் ஒரு பாகம் நார்போல் இறுகித் திரள்வதே பெரும்பாலும் இக்கட்டி. கெட்டியாயிருப்பினும் நோவில்லை. கருப்பையில் நெருக்குண்டு கிடந்ததாலோ, கால் முன்னாகப் பிறத்தல், ஆயுதப் பிரசவம் முதலியவற்றில் தசை இழுபட்டதாலோ உண்டாவதென்று வைத்தியர் கருதுவர். இது புற்றுநோயன்று, பெரும்பாலும் 4 முதல் 8 மாதங்களில் தானே கரைந்துவிடும்.

அங்ஙனமாயின் வாளாவிருக்கலாமோ எனின், கூடாது. கட்டி கரைந்தும் தசை குறுகி நின்றால், தலை அப்பக்கம் சாய்ந்து, மோவாய் மறுபக்கம் திரும்பி, நாளடைவில் முகமும் கோணும். வைத்தியர் கற்பிக்கும் முறைப்படி கழுத்தை மெல்ல நீட்டிப் பயிற்றினால் பெரும்பாலோர் சத்திரசிகிச்சையின்றியே குணமடைவர். ஒரு வயது கடந்தபின் வருவோர்க்கு அது வேண்டியும் வரலாம். கட்டி வலப்புறமாயின், விளக்கும் கிலுகிலுப்பையும் தாயின் குரலும் வலப்புறமே இருக்கட்டும். குழந்தை தானே அப்பக்கம் திரும்பும்.

‘உரம் விழுந்தது’ என்று புடவையிலிட்டு உருட்டுவதையும், தலைகீழாகப் பிடிப்பதையும், சூடிடுவதையும் அறவே ஒழியுங்கள். இளங்கழுத்து அவற்றைத் தாங்காது.

எக்கட்டியும் இதுவே என்று வீட்டிலேயே தீர்மானிப்பதும் பிழை. செங்கற்பட்டில் 1965-இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியும், சென்னை எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் நமக்கு எட்டாதவையல்ல. அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுத்தால், கத்தியும் ஊசியுமின்றிப் பெரும்பாலும் உண்மை விளங்கும். இடுப்பு மூட்டையும் உடன் பரிசோதிக்கச் செய்யுங்கள். இக்குழந்தைகளிற் சிலர்க்கு அதிலும் குறை காணப்படுவதுண்டு. ஜுரம், கட்டியின்மேல் சிவப்பு, மூச்சுத்திணறல், பால் குடியாமை ஆகியவை தோன்றினால் அன்றே புறப்படுங்கள்.

தாயைக் குறைகூறும் பொழுதைக் குழந்தையை வைத்தியரிடம் காட்டுவதிற் செலவிடுவோமாயின், நம் குலத்துப் பிள்ளைகள் நிமிர்ந்த தலையோடு வளர்வார்கள்.