மரபும் மறைப்பும்
(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பழைய தொலைக்காட்சியில் குடும்ப ஒழுக்கம் இருந்தது, இன்று அது பாழ்பட்டது என்னும் பேச்சு பல நாடுகளில் கேட்கிறது. அமெரிக்காவில் அது இன்னும் உரக்கக் கேட்கிறது. அங்கே மரபு பேணுவோர் தம் பொற்காலத்திற்குச் சான்றாகக் காட்டும் தொடர்களுள் ஒன்று 'ஆண்டி கிரிபித்து நிகழ்ச்சி'. 1960 முதல் 1968 வரை 249 பகுதிகளாக அது ஒளிபரப்பாயிற்று. என் பழைய மாணவர் ஒருவர் கணினியில் அதனைக் காட்டினார். பார்த்ததை உங்கள் முன் எடைபோட விரும்புகிறேன்.

வட கரோலினா மாநிலத்தில் மேபெரி என்னும் கற்பனைச் சிற்றூர். அவ்வூர்க் காவல் தலைவர் ஆண்டி, மனைவியை இழந்தவர். மகன் ஓப்பி சிறுவன். வீட்டைப் பேணுபவர் ஆண்டியின் அத்தை பீ அம்மையார். காவல் தலைவர் பொதுவாகத் துமுக்கி ஏந்துவதில்லை. துணைக் காவலர் பார்னியிடம் துமுக்கி உண்டு. குண்டு ஒன்றே ஒன்றுதான், அதுவும் சட்டைப்பையில்! குடித்துத் தள்ளாடும் ஓட்டிசு என்பவர் தாமே திறவுகோலை எடுத்துச் சிறையறைக்குள் புகுந்து தம்மைப் பூட்டிக் கொள்வார். அச்சுறுத்தும் அதிகாரத்தினும் அன்புடைய பெருமை மேலானது என்பதே தொடரின் உள்ளுறை.

1963-இல் வந்த ஒரு பகுதியை நான் மறக்கமாட்டேன். ஓப்பி உண்டிவில்லால் விளையாட்டாக அடிக்கிறான். தாய்ப்பறவை ஒன்று விழுந்து இறக்கிறது. பதறிய பிள்ளை அதனைப் பறக்கச் சொல்லிக் கெஞ்சி அழுகிறான். செய்தியறிந்த தந்தை பிரம்பெடுக்கவில்லை. பிள்ளையின் அறைச் சாளரத்தைத் திறந்துவிடுகிறார். வெளியே மரத்தில் தாயைத் தேடிக் குஞ்சுகள் கத்துகின்றன. அவற்றின் தாய் இனி வரப்போவதில்லை, அக்குரலைக் கேட்டுக்கொண்டிரு என்று சொல்லிவிட்டுச் செல்கிறார். அவ்வளவே ஒறுப்பு! மறுநாள் முதல் ஓப்பி அக்குஞ்சுகள் மூன்றையும் தானே ஊட்டி வளர்க்கிறான். வளர்ந்ததும், பிரிய உள்ளமின்றியே கூண்டைத் திறந்து பறக்க விடுகிறான். கூண்டு வெறுமையாயிற்றே என்று அவன் வருந்த, மரங்கள் நிறைந்திருப்பதைப் பார் என்கிறார் தந்தை.

அன்பர்களே, முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் நான். பணியேற்ற தொடக்கத்தில் பிரம்பும் எடுத்தவன். பொய் சொன்னான் என்று ஒரு பையனை அடித்தேன். அவன் மெய்யே சொன்னான் என்பது பின்னர்த் தெரிந்தது. அன்று நான் எந்தச் சாளரத்தையும் திறக்கவில்லை. ஆகவே அக்காட்சி என்னைச் சுட்டது. குற்றத்தை உணர்த்துவதே கல்வி; உடலை நோகச் செய்வது கல்வியாகாது. இம்மரபு எந்நாட்டதாயினும் போற்றத்தக்கதே.

ஆனால், இனித்தான் வினாவே எழுகிறது. அத்தொடர் தொடங்கியது 1960 அத்தோபர்த் திங்கள். அதே ஆண்டு பிப்பிரவரி முதல் நாள், அதே வட கரோலினாவில், கிரீன்சுபரோ நகரக் கடையொன்றில் கறுப்பின மாணவர் நால்வர் உணவு மேடையில் அமர்ந்தனர். அது வெள்ளையர்க்கென்றே ஒதுக்கப்பட்ட மேடை. அவர்கட்கு உணவு மறுக்கப்பட்டது. எழ மறுத்துக் கடை மூடும் வரை அமர்ந்திருந்தனர். அவ்வறப்போர் பல நகரங்களுக்கும் பரவிற்று. அத்தகைய மாநிலத்தில் அமைந்த மேபெரியிலோ அதன் ஒலியே இல்லை. எட்டாண்டுகளில், 1967-இல் வந்த ஒரே பகுதியில்தான் கறுப்பின நடிகர் ஒருவர்க்குக் குறிப்பிடத்தக்க பேசும் பங்கு கிடைத்தது.

தொடரை ஆக்கியோர் தீயோர் என்று நான் கூறவில்லை. ஆயினும், அமைதி நிலவியதாகக் காட்டப்பட்ட அவ்வூரில் யாருடைய குரல் அடைக்கப்பட்டிருந்தது என்று கேளாமல், அதனைப் பொற்காலம் எனல் அறமாகுமா? சிறுவனுக்குச் சாளரம் திறந்த அந்தத் தொடர், தன் சாளரத்தை மூடியே வைத்திருந்தது.

இன்னொன்றும் கருதுக. மரபைத் தொலைக்காட்சி வணிகர் காப்பர் என நம்புவோர் ஏமாறுவர். 1967-68 பருவத்தில் அந்நாட்டில் மிகுதியானோர் கண்ட தொடர் இதுவே. இதன் வழித்தோன்றலாகிய தொடரையும், பிற நாட்டுப்புறத் தொடர்கள் பலவற்றையும் 1971-இல் சி.பி.எசு. நிறுவனம் நிறுத்தியது. பார்ப்போர் குறைந்ததே முதன்மைக் கரணியம் அன்று. விளம்பரம் தருவோர் நகர்ப்புற இளைஞரை நாடினர். மரபு விற்றவரை விற்றார்கள். பின்னர்ப் புதுமையை விற்றார்கள்.

ஆதலின், பழையது என்பதற்காகவே ஒன்றைத் தலைமேல் வைக்கவும் வேண்டா. பழையது என்பதற்காகவே குப்பையில் எறியவும் வேண்டா. பிள்ளையைத் திருத்த அடியினும் அறிவுறுத்தலே சிறந்தது. மூத்தோரைப் பேணல் நன்று. வலியவன் தன் வலிமையை அடக்கல் நன்று. இவற்றைக் கொள்வோம். மாந்தரில் ஒரு பகுதியினரைக் காணாதது போல் கடந்து செல்லும் வழக்கத்தை, அஃது எத்துணைப் பழையதாயினும், எவர் மரபாயினும், தள்ளுவோம்.

பெற்றோர்களே! இன்றிரவு உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து எந்தத் தொடரைப் பார்த்தாலும், முடிந்தபின் ஒரு வினா கேளுங்கள்: "இதில் யார் குரல் கேட்கவில்லை?" அந்த ஒரு வினாவே நாம் அவர்கட்குத் திறந்துவிடும் சாளரம்.