அயல்நாட்டில் கித்மத்: விருந்தாளியின் கடமைகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய கெலமங்கலம் ஜமாஅத்தார்களே! பெரியோர்களே! வாலிபச் செல்வங்களே! 

ஹஜ்ஜுக் காலம் நெருங்கும்போது நம் வாலிபர்கள் சிலர் என்னிடம் வந்து, "ஹஸ்ரத்! விசிட் விசாவில் சவூதி சென்று, ஹாஜிகளுக்குக் கித்மத் செய்யலாம் என்றிருக்கிறோம். அப்படியே ஹஜ்ஜும் கிடைத்துவிடும். துஆச் செய்யுங்கள்" என்கின்றனர். அவர்களுடைய ஆசை தூயது. ஆனால், நல்ல நிய்யத்து மட்டும் ஒரு செயலை நேர்மையானதாக ஆக்கிவிடாது. செல்லும் வழியும் சீராக இருத்தல் வேண்டும்.

விருந்தினரைக் கண்ணியப்படுத்துமாறு மார்க்கம் கட்டளையிட்டிருப்பதை நாம் அனைவரும் அறிவோம். விருந்தோம்பல் மூன்று நாட்கள் என்று நபி (ஸல்) அவர்கள் வரையறுத்த அதே ஹதீஸில், விருந்தளிப்பவருக்கு நெருக்கடி உண்டாகும் அளவுக்குத் தங்குவது விருந்தாளிக்கு ஆகுமானதல்ல என்றும் எச்சரித்துள்ளார்கள். முற்பகுதியை மனனம் செய்துகொண்ட நாம், பிற்பகுதியை மறந்துவிட்டோம். அயல்நாடு செல்பவர் யாராயினும் அங்கே அவர் விருந்தாளியே. விசா என்பது அந்நாட்டுக்கும் அவருக்கும் இடையிலான ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்பதே அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் நமக்கு இடும் ஏவல்.

ஹாஜிகளுக்குத் தண்ணீர் புகட்டும் பணி, நபியவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் குடும்பத்திற்கு உரியதாக இருந்தது. ஹஜ்ஜின்போது மினாவில் தங்கவேண்டிய இரவுகளில், அப்பணிக்காக மக்காவில் தங்கிக்கொள்ள அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் அனுமதி கேட்டார்கள், அனுமதி வழங்கப்பட்டது. பரம்பரையாகப் பணி செய்தவர்களே கேட்டுத்தான் செய்தார்கள். "நான் நன்மைதானே செய்கிறேன், எனக்கெதற்கு அனுமதி?" என்று அவர்கள் எண்ணவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் புகாரியில் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் ஸம்ஸம் கிணற்றடிக்கு வந்தார்கள். அங்கே நீர் இறைத்துப் புகட்டிக்கொண்டிருந்தவர்களைப் பாராட்டினார்கள். மக்கள் திரண்டு வந்து உங்களை நெருக்கிவிடுவார்கள் என்ற நிலை இல்லையெனில், நானும் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இறைத்திருப்பேன் என்ற கருத்தில் கூறினார்கள். சற்றுச் சிந்தியுங்கள்! தாம் செய்யப் புகுந்தால், செய்துகொண்டிருப்போருக்கு இடையூறாகும் என்பதற்காக அண்ணலார் விலகி நின்றார்கள். கித்மத்தின் முதல் பாடம் இதுவே. நம் மனநிறைவு பெரிதல்ல, உதவி பெறுவோரின் நலனே பெரிது.

இதை மறந்தால் என்ன நேரும் என்பதை 2024ஆம் ஆண்டு ஹஜ் நமக்குக் காட்டியது. அவ்வாண்டு ஹஜ் செய்தோர் 18 இலட்சத்து 33 ஆயிரத்திற்கும் அதிகமானோர். மக்காவில் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் இறந்தனர் என்றும், அவர்களுள் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள் என்றும், நிழலோ தங்குமிடமோ இன்றிக் கொளுத்தும் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். விசிட் விசாவில் ஆட்களை அனுப்பிய 16 பயண நிறுவனங்களின் உரிமத்தை எகிப்து அரசு இரத்துச் செய்தது.

காரணம் எளிது. அனுமதி பெற்ற ஹாஜியின் பெயருக்கு மினாவில் ஒரு கூடாரம், ஒரு பேருந்து, மருத்துவ ஏற்பாடு ஆகியவை கணக்கிடப்பட்டுள்ளன. அனுமதியற்றவர் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர் மயங்கி விழுந்தால் எந்தக் குழுவைச் சேர்ந்தவர், எந்த ஊர்க்காரர் என்று தெரிவதில்லை. கித்மத் செய்யச் சென்றவரே பிறருடைய கித்மத்தை எதிர்பார்த்துக் கிடப்பார். அவரைத் தேடி ஆம்புலன்ஸ் செல்லும் நேரத்தில், வேறொரு முதியவர் காத்திருப்பார்.

அனுமதியின்றி ஹஜ்ஜுக்குச் செல்வது கூடாது, செல்பவர் பாவியாவார் என்று சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 2024 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. 2025இல் அந்நாட்டு அரசு அறிவித்த விதிகளின்படி, அனுமதியின்றி ஹஜ் செய்ய முயல்வோருக்கும், துல்கஃதா முதல் துல்ஹஜ் 14 வரை விசிட் விசாவில் மக்காவுக்குள் நுழைவோருக்கும் 20,000 ரியால் வரை அபராதம். அவர்களை ஏற்றிச் செல்வோருக்கும் தங்கவைப்போருக்கும் ஒரு இலட்சம் ரியால் வரை. அங்கே வேலை செய்யும் நம் சகோதரர், ஊரிலிருந்து வந்த மைத்துனரைப் பாசத்தால் அறையில் ஒளித்துவைத்தால், அவருடைய பிழைப்பும் போய்விடும். சக்தி பெற்றவர் மீதே ஹஜ் கடமை. வழி திறக்காத ஆண்டில் பொறுத்திருப்பவர் மீது குற்றமில்லை.

அப்படியாயின் வாசல் அடைபட்டுவிட்டதா? இல்லை. இந்திய ஹஜ் கமிட்டி வழியாகச் செல்வோருக்கு உதவ, முன்பு காதிமுல் ஹுஜ்ஜாஜ் என்றும் இப்போது மாநில ஹஜ் ஆய்வாளர் என்றும் அழைக்கப்படும் அரசு ஊழியர்கள் அனுப்பப்படுகின்றனர். நம் ஜமாஅத்தில் அரசுப் பணியில் உள்ளோர் முறைப்படி விண்ணப்பிக்கலாம். சவூதியில் வேலை செய்வோர், அந்நாட்டின் அனுமதி பெற்ற தொண்டர் குழுவில் சேர்ந்தே பணியாற்ற வேண்டும். செல்லுமுன் முதலுதவி கற்க வேண்டும். தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கும் காதில் விழும் இந்த எல்லைப் பகுதியில் வளர்ந்த பிள்ளைக்கு, வழி தவறிய ஹாஜியிடம் அவருடைய மொழியிலேயே பேச இயலும். அது அல்லாஹ் நமக்களித்த மூலதனம்.

விசா தேவைப்படாத கித்மத்தும் உண்டு. ஹஜ்ஜுக்குச் செல்லும் நம் ஊர் முதியவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். அவருக்குக் கைப்பேசியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள். ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து வரும் பிள்ளைகள் காய்ச்சலில் படுத்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் நம் விருந்தாளிகள். விருந்தளிப்பவனின் சிரமத்தை இங்கே உணர்ந்தவனே, அயல்நாட்டில் நல்ல விருந்தாளியாக நடந்துகொள்வான்.

நம் கித்மத்துகளைப் பிறருக்குச் சுமையாக்காமல் ஏற்றுக்கொள்வானாக! ஹஜ்ஜின் பாதையில் உயிர்நீத்தோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் மஃபிரத்து நல்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.