பெரிய மேசைக்கு ஏறும் ஆசை

(அம்பத்தூரில் இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சூது ஹராம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அல்மாயிதா அத்தியாயத்தின் 90-வது வசனம் எதைத் தடுக்கிறது என்பதை மக்தபில் ஓதும் சிறுவனும் சொல்வான். தெரிந்தும் நம் இளைஞர்கள் ஏன் ஆடுகிறார்கள்? அவர்கள் அதைச் சூது என்று நினைப்பதில்லை, வியாபாரம் என்று நினைக்கிறார்கள். இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

ஆவடியில் செல்போன் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் சென்ற வருடம் என்னிடம் வந்தார். தொழுகையாளி. கொடுக்கல் வாங்கலில் சுத்தமானவர். போனில் போக்கர் என்னும் சீட்டாட்டத்தை இரண்டு வருடமாக ஆடியவர். வியாபாரி வீட்டுப் பிள்ளை அல்லவா, பேரேடு மாதிரி ஒரு நோட்டில் வரவு செலவு எழுதி வைத்திருந்தார்.

"ஹஜ்ரத், ஒண்ணு - ரெண்டு மேசையில நான் தோக்கிறதில்ல. அஞ்சு - பத்து மேசைக்கு ஏறினாத்தான் விழுந்துடறேன். அங்கே மட்டும் நின்னுட்டா கடனெல்லாம் அடைஞ்சுடும்" என்றார்.

நான்கு முறை ஏறியிருக்கிறார். நான்கு முறையும் விழுந்திருக்கிறார். மனைவியின் வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன.

மேசைக் கணக்கு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். அது ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயுமாக இருந்தால் சின்ன மேசை. பிறகு 5 - 10, 25 - 50, 100 - 200 என்று ஏறும். பெரிய தொகையைப் போல் நூறு மடங்கு பணத்தோடு உட்காருவது வழக்கம். சின்ன மேசைக்கு 200 ரூபாய் போதும், 100 - 200 மேசைக்கு 20,000 வேண்டும். அப்படி 20, 30 தடவை உட்காரும் முதல் கையில் இல்லாமல் எந்த மேசைக்கும் ஏறாதே என்று அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் 5 - 10 மேசைக்கே 30,000 வேண்டும். நம் தம்பி ஏறியது கடைக் கல்லாவிலிருந்து எடுத்த நாலாயிரத்தோடு!

வியாபாரிகளே, நீங்கள் கணக்குப் போடுங்கள். ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள். மேசையில் மொத்தம் 6,000. ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் பணத்தில் நடத்துபவன் ஒரு பங்கை எடுத்துக்கொள்வான். 100 ரூபாய்க்கு 5 ரூபாய் என்றும், மணிக்கு 60 ஆட்டம் என்றும் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 300 ரூபாய். இருபது மணி நேரத்தில் ஆறு பேர் கொண்டுவந்ததும் அவன் பெட்டியில்! போதாததற்கு 2023 ஏப்ரல் முதல் நிகர லாபத்தில் 30 சதவீதம் வரிப் பிடித்தம், அதே ஆண்டு அக்டோபரில் கட்டும் பணத்துக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் வந்தது. இதில் யார் முதலாளி, யார் சரக்கு?

நடைபாதையில் தொப்பி விற்றவர் கடை பிடிக்கிறார், கடைக்காரர் மொத்த வியாபாரி ஆகிறார். அவர் உயர உயர நாலு பேருக்குப் பொருள் கிடைக்கிறது, இரண்டு பேருக்கு வேலை கிடைக்கிறது. இந்த ஏணியில் யாருக்கு என்ன கிடைத்தது?

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். சில புனைபெயர்கள் இருந்தன. சுலபமாகத் தோற்பவர்களாம். ஒரு பெயருக்குப் பக்கத்தில், "7-ம் தேதி வருவார்" என்று எழுதியிருந்தது. "ஏன் தம்பி, 7-ம் தேதி?" என்றேன். "சம்பள நாள் ஹஜ்ரத்" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சகோதரர்களே, சின்ன மேசையில் அவர் "தோற்காமல்" சம்பாதித்தது அந்தப் பணம்தான். ஏதோ ஓர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து வந்தவனுடைய வீட்டு வாடகையாக அது இருக்கலாம். பெரிய மேசையில் இவர் பெயரையும் எவனோ ஒருவன் எழுதி வைத்திருந்திருப்பான்.

"கோர்ட்டே இது திறமை ஆட்டம் என்று சொன்னதே?" என்று கேட்பீர்கள். உண்மை. தமிழக அரசின் தடைச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கியது. அது நாட்டின் சட்டம் பற்றிய பேச்சு. மார்க்கத்தில் அளவுகோல் வேறு. அம்பெய்வதற்கும் குதிரையோட்டுவதற்கும் திறமை வேண்டாமா? அந்தப் போட்டிகளுக்குப் பரிசு வைக்க அனுமதி உண்டு. ஆனால் போட்டியாளர் இருவருமே பணம் வைத்து, வென்றவன் தோற்றவன் பணத்தை எடுத்தால் அது சூதாகிவிடும் என்று ஃபிக்ஹ் நூல்கள் அதையும் வரையறுத்திருக்கின்றன. லாட்டரியை இந்த மாநிலம் 2003 ஜனவரியில் தடை செய்தது. அந்தச் சீட்டு வாங்கியவனாவது தன்னைத் திறமைசாலி என்று நினைத்துக்கொள்ளவில்லை!

2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று தமிழக அரசு விதி செய்தது. தஹஜ்ஜுத் நேரத்தை மீட்டுக்கொடுக்க அரசாங்கம் வர வேண்டியிருந்தது! அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமின்றி எல்லாப் பண ஆட்டங்களையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நடத்துபவனுக்கு 3 ஆண்டு சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை. நம் நாட்டு நிறுவனங்கள் பண மேசைகளை மூடின.

ஆட்டம் ஓய்ந்ததா? இல்லை. வெளிநாட்டுச் செயலி, டெலிகிராம் ஏஜெண்டு என்று கதவு திறந்தே இருக்கிறது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி இருப்பவன் அங்கே போவான். அங்கே பணம் சிக்கினால் எந்தக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வான்?

ஆகவே ஜமாஅத் பெரியவர்களிடம் கேட்கிறேன். கடனில் மூழ்கியவர்கள் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் ஒருவர். பாவத்தால் கடன்பட்டவனும் தவ்பா செய்துவிட்டால் கொடுக்கலாம் என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. சூதாடி என்று பள்ளிவாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவன் வட்டிக்காரனிடம்தான் போவான்.

தம்பிகளே, வரும் வெள்ளி முதல் ஒவ்வொரு வெள்ளியும் இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் பின்னறையில் நானும் வியாபாரிகள் இருவரும் இருப்போம். போனைக் கொண்டுவாருங்கள், செயலியை அங்கேயே நீக்குவோம். யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். பெயர் எழுத வேண்டாம். ஆவடித் தம்பியும் அங்கே இருப்பார். வளையல்களில் இரண்டு மீண்டுவிட்டன, இன்னும் இரண்டு பாக்கி.