கண்டு கற்பித்த தோட்டக்காரர்



கற்றவன் கையில் மண் படலாகாது என்னும் எண்ணம் பல நாடுகளில் வேரூன்றிய ஒன்று. அமெரிக்காவும் அதற்கு விலக்கன்று. அவ்வெண்ணத்துக்கு மாறாக வாழ்ந்து காட்டிய ஆசிரியர் ஒருவரை இன்று நினைவுகூர்வோம். அவர் பெயர் லிபேர்ட்டி ஹைட் பெயிலி.

மிச்சிகன் மாநிலத்துச் சவுத் ஹேவன் என்னும் ஊரில், பழத்தோட்டம் வைத்திருந்த ஒருவருக்கு மகனாக 1858ஆம் ஆண்டு அவர் பிறந்தார். விவசாயக் கல்லூரியிற் பட்டம் பெற்றபின், ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் அசா கிரே என்னும் தாவரவியற் பேரறிஞருக்கு உதவியாளரானார். காட்டுச் செடியை ஆராய்வது கல்வி, தோட்டச் செடியை வளர்ப்பது வெறுந்தொழில் என அறிஞர் பலர் கருதிய காலம் அது. ஆகவே, தாம் பயின்ற கல்லூரிக்கே தோட்டக்கலை கற்பிக்கப் பெயிலி 1885இல் திரும்பியபோது, அறிவுலகம் இனி அவரை மறந்துவிடும் என்று எச்சரித்தோரும் உளர். அவர் தயங்கவில்லை. மனிதன் உண்ணும் கனியும் முற்றத்தில் வளர்க்கும் பூவும் ஆராய்ச்சிக்குத் தகாதனவாக எவ்வாறு ஆகும் என்பதே அவர் எண்ணம்.

1888இல் அவர் நியூயோர்க் மாநிலத்துக் கோர்ணெல் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். 1893இல் அந்நாட்டைப் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கிற்று. பயிர்த்தொழிலைக் கைவிட்ட குடும்பங்கள் நகரங்களை நாடின. பிறந்த மண்ணைப் பிள்ளைகள் வெறுக்காதிருக்க வேண்டுமாயின், அம்மண்ணிலுள்ளவற்றை அவர்கள் முதலில் கண்ணாற் காணவேண்டும் என்று பெயிலியும் அவருடன் உழைத்தோரும் துணிந்தனர். நாட்டுப்புறப் பாடசாலை ஆசிரியர்களுக்குச் சிறு பிரசுரங்களை அனுப்பத் தொடங்கினர். 1896இல் வந்த முதற் பிரசுரத்தைப் பெயிலியே எழுதினார். அதன் பொருள், பூசணி முளை தன் விதையினின்று எவ்வாறு வெளிவருகின்றது என்பது.

எளிய பொருள்தான், ஆனால் நம்முள் எத்தனைபேர் அதனைப் பார்த்திருக்கிறோம்? வேர் இறங்கியதும், தண்டின் அடியில் ஒரு பக்கத்தில் சிறு ஆப்புப்போன்ற புடைப்பு ஒன்று தோன்றுகின்றது. அது விதையோட்டின் ஒரு பாதியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, வளைந்த தண்டு நிமிர்ந்து வித்திலைகளை ஓட்டினின்று உருவி எடுக்கின்றது. இதனைக் காண நுண்பெருக்கி வேண்டியதில்லை. சில விதைகளை ஊன்றி, நாள்தோறும் ஒன்றாகத் தோண்டிப் பார்க்கும் பொறுமை இருந்தாற் போதும். பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதவிடத்து, “எனக்குத் தெரியாது” என்று கூற ஆசிரியர் நாணலாகாது என்பதும் பெயிலியின் கொள்கை. தெரியாததை இருவரும் சேர்ந்து தேடுவதே அவருக்குப் பாடமாயிற்று.

1903 முதல் 1913 வரை விவசாயக் கல்லூரியின் பீடாதிபதியாக விளங்கிய அவர், ஐம்பத்தைந்தாம் வயதிற் பதவியைத் தாமாகவே துறந்தார். இருபத்தைந்து ஆண்டு கற்பது, இருபத்தைந்து ஆண்டு உழைப்பது, எஞ்சியதைத் தம் மனம்போலச் செலவிடுவது என்று முன்னரே வகுத்திருந்தார். அந்த மூன்றாம் பகுதியே பயணமும் தோட்டமுமாயிற்று. நியூசிலாந்து, சீனா, தென் அமெரிக்கா எனப் பல நிலங்களை அவர் கண்டார். பனை, தென்னை ஆகியவை அடங்கிய குடும்பத்து மரங்களில் அவர் மனம் பெரிதும் தோய்ந்தது. ஆள் உயரத்தை விஞ்சும் ஓலையைக் காகிதத் தாளில் ஒட்டி உலர்த்தி வைப்பது எளிதன்று. அதனாற் பலர் அவற்றைத் தொடாமலே விட்டிருந்தனர். பெயிலி அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1948இல் தமது தொண்ணூறாவது பிறந்தநாளன்றும் அவர் வீட்டில் இல்லை. காரிபியக் கடல் தீவுகளில் அம்மரங்களை நாடி அலைந்துகொண்டிருந்தார். அடுத்து ஆபிரிக்காவுக்குச் செல்லவிருந்த பயணம், விபத்தொன்றிற் கால் முறிந்தமையாற் கைகூடவில்லை. 1954ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தில் அவர் காலமானார்.

தாம் சேர்த்த உலர்செடிகளையும் நூல்களையும் 1935இலேயே அவர் கோர்ணெல் பல்கலைக்கழகத்துக்கு வழங்கிவிட்டார். அவருடன் பயணம் செய்து, 1930இல் வெளிவந்த ‘ஹோர்ட்டஸ்’ என்னும் தோட்டச் செடி அகராதியை அவருடன் சேர்ந்து தொகுத்த மகள் எதெல், அத்தொகுதியைப் பேணிக் காத்தார். மனிதன் வளர்த்துப் பேணும் செடிவகையைக் குறிக்க 1923இற் பெயிலி ஆக்கிய ‘கல்ட்டிவார்’ என்ற சொல் இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அறிஞர் ஒருகாலத்தில் ஒதுக்கிய தோட்டச் செடி, இவ்வாறு அறிவியலில் தனக்கென ஒரு பெயரைப் பெற்றது.

உலகின் பல நிலங்களைச் சுற்றி வந்த அந்த ஆசிரியர் பிள்ளைகளை நெடுந்தூரம் அழைக்கவில்லை. முற்றத்து மண்ணில் ஒரு விதையை ஊன்றிப் பார்க்குமாறே சொன்னார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாடத்தை நாம் நாளையே தொடங்கலாம். நான்கு பூசணி விதைகளே அதற்குப் போதும்.